நடுநிலையான் பெயரை வெளியிட வேண்டாம்

ஆயர் ஈத்தாம், பினாங்கு.
12.8.1986, செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய ஞாயிறு மலர் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தில் உள்ள அனைவரும் சுகமாயிருக்க முருகப் பெருமானை வேண்டுகிறேன். அச்சு இயந்திரம் மட்டும் இந்தச் சனிக்கிழமை ஒரு நாள் பழுதாகி நிற்கட்டும் என்றும் சேர்த்து வேண்டியிருக்கிறேன். தவறாக எண்ண வேண்டாம். பயத்தில் செய்த பிரார்த்தனை.

நான் இளைப்பாறிய கிராணி, பெயர் கனகசுந்தரம். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கக் கோப்புகளில் மற்றவர்கள் எழுதியதை நகலெடுத்தவன். சொந்தமாக ஒரு வரி எழுத வேண்டுமென்ற ஆசை இளைப்பாறிய பிறகுதான் வந்தது. போன ஜூன் மாதம் தங்கள் வாசகர் பக்கத்தில் ‘நடுநிலையான்’ என்று எழுதியவன் நானேதான். அதைக் கடந்த அரையாண்டின் சிறந்த கடிதமாகத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், வரும் ஞாயிறு சொந்தப் பெயர் முகவரியோடு சுவர்க்கடிகாரப் பரிசை அறிவிப்பதாகவும் நேற்று முன்தினம் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். ஐயா, பெயரைப் போடுவதானால் பக்கத்திலேயே மரண அறிவித்தலுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கவும்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். இயக்குநர் திருமேனிநாதனின் ‘ஆயிரம் ஆண்டுக் காவல்’. கடலுக்குள் போன நகரத்தின் வாசலில், மனைவி திரும்பி வருவாள் என்று ஒரு காவலன் ஆயிரம் வருஷம் நிற்கிற கதை. மனிதர் முந்நூறு யானை, பன்னிரண்டு கப்பல் என்று திட்டம் போட்டார். தயாரிப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓடிவிட, நினைத்ததையெல்லாம் ஓர் ஓவியரிடம் சொல்லிச் சித்திரக்கதைப் புத்தகமாக வரைய வைத்தார். அப்புறம் பிடிவாதமாக, இருப்பதை வைத்துப் படத்தையும் எடுத்து முடித்தார். இப்போது இங்கே ஊர் இரண்டாகிக் கிடக்கிறது. படத்தில்தான் உயிர் இருக்கிறது என்று ஒரு கட்சி, புத்தகந்தான் அவர் மனசில் இருந்த அசல் என்று ஒரு கட்சி. நான் சிவனே என்று இருந்திருக்கலாம்.

இருந்தேனா? படத்தில் போவது முந்நூறு யானை அல்ல, இடது காது கிழிந்த ஒரே யானை பதினாறு தடவை போகிறது, நான் எண்ணினேன் என்று எழுதினேன். நடுநிலையான் என்று பெயர் வைத்துக்கொண்ட பாவத்துக்கு மற்றப் பக்கத்தையும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து கதாநாயகிக்கு இடது கையில் ஆறு விரல் என்றும் எழுதினேன். ஒரு கட்சியைப் பகைத்தவன் மற்றக் கட்சிக்காரன் வீட்டிலாவது ஒளியலாம். எனக்கு அந்த வழியும் இல்லை.

படக் கட்சியின் தலைவர் யார் தெரியுமா? நான் நரம்புத் தளர்ச்சிக்குப் புதன்தோறும் சத்து ஊசி போட்டுக்கொள்ளும் கிளினிக்கில் அந்த ஊசியைப் போடுகிற டிரெஸ்ஸர் நல்லமுத்து. என் கடிதம் வந்த வாரம் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துக்கொண்டே, “யாரோ நடுநிலையானாம், கிராணி ஐயா. நம்ம படத்துல யானை எண்ணியிருக்கான். அவன் மட்டும் என் கையில சிக்கட்டும் லா!” என்றார். பிரஷர் மளமளவென்று ஏறியது. அவர் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “அவன் பேரைச் சொன்னாலே உங்களுக்கும் இப்படிக் கோவம் வருதே!” என்று என் தோளைத் தட்டி, நடுநிலையானைக் கண்டித்துத் தங்களுக்கு அனுப்பவிருந்த மனுவை நீட்டினார். முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். ஊசி இனிமேல்தான் போட வேண்டியிருந்தது, ஐயா.

புத்தகக் கட்சியோ எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழேயே, தங்கராஜுவின் டோபிக் கடையில் கூடுகிறது. “ஆறு விரல்னு எழுதுன கையை என்கிட்ட குடுங்க, இஸ்திரி போட்டுத் தரேன்” என்று தங்கராஜு என் சட்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். அன்றிலிருந்து சட்டைகளை வீட்டிலேயே துவைக்கிறோம். என் மனைவி கமலாம்பிகை, “இஞ்சருங்கோ, யானையை எண்ணாமச் சும்மா படத்தைப் பாத்திருக்கலாம்தானே?” என்கிறாள். ஆயர் ஈத்தாம் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று இந்தக் கடிதத்தை நிபோங் திபால் வரை பஸ் பிடித்துப் போய்த்தான் பெட்டியில் போடப் போகிறேன்.

ஐயா, தங்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தின் கடைசியில் மனைவி கிழவியாகி வந்து நிற்கிறாள். காவலனுக்கு அடையாளம் தெரியவில்லை. “வாசலில் நிற்காதே, போ” என்கிறான். அவளும் சரியென்று போகிறாள். புத்தகத்தில் அது அரைப் பக்கம். தியேட்டரில் நான் கைலேஞ்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அதை எழுதவில்லை. இந்த வயதில் அழுதேன் என்று எழுத வெட்கமாக இருந்தது, யானையை எண்ணினேன் என்றால் கெட்டிக்காரன் என்பார்களே என்று நினைத்தேன். அதை எழுதியிருந்தால் நாளைக்கு ஊசிக்குத் தைரியமாகக் கையை நீட்டுவேன்.

ஆகையால் என் பெயரை அச்சேற்ற வேண்டாம். கடிகாரம் வேண்டாம். நடுநிலையான் காலமாகிவிட்டான் என்று போட்டாலும் சம்மதம். தங்கள் பத்திரிகை பல்லாண்டு வாழ்க, இந்த ஞாயிறு தவிர.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. கனகசுந்தரம்

பி.கு.: புதன், பகல் பதினொன்றரை. மேலே எழுதியது அனைத்தும் ரத்து. இப்போதுதான் கிளினிக்கிலிருந்து வருகிறேன். அங்கே வரிசையைத் தாண்டி, முதல் நாற்காலியில், கையில் மைலோ கோப்பையுடன் டோபி தங்கராஜு உட்கார்ந்திருக்கிறான். “நாந்தான் கிராணி ஐயா அந்த நடுநிலையான். வெளிய சொல்ல வேணாம்னு இருந்தேன் லா” என்கிறான்! நல்லமுத்து அவனை அடிக்கவில்லை. கட்டிப் பிடித்துக்கொண்டார். “குந்தியிருந்து பதினாறு தடவை யானையை எண்ணணும்னா படத்து மேல எவ்வளவு பிரியம் இருக்கணும்! இவன்தான் அசல் ரசிகன். நீங்களும் அவனை மன்னிச்சிடுங்க, கிராணி ஐயா” என்று என்னைக் கெஞ்சுகிறார். பிரஷர் இருநூறைத் தொட்டது. கடிகாரத்துக்குத் தங்கராஜு கடைச் சுவரில் ஆணியும் அடித்துவிட்டானாம். ஐயா, அந்த யானையை எண்ணியவன் நான்! என் பெயரைக் கொட்டை எழுத்தில் போடவும். என் புகைப்படம் இணைத்திருக்கிறேன், பிரியாவிடை விருந்தில் எடுத்தது, மாலை போட்டிருப்பவன் நான். முகவரியில் நான்காவது மாடி என்பது தெளிவாக இருக்கட்டும். லிஃப்ட் பழுது என்பதை மட்டும் போட வேண்டாம். அடிக்க வருகிறவர்கள் ஏறி வரட்டும், மேலே வந்து சேரும்போது களைத்திருப்பார்கள்.