வலிக்குப் பத்து சதவீதம் தண்ணீர்க் கழிவு

கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு விற்ற பச்சைத் தேயிலை நாலு ரூபாய்க்கு வந்து நின்ற வருஷம். பந்தலூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் எஸ்டேட்டில், துரை ஒரு சிக்கனக் கூட்டம் போட்டார். துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை, திருச்சிக்காரர். ஆனாலும் மானேஜர் நாற்காலியில் உட்காருகிறவரைத் துரை என்றுதான் நாங்கள் சொல்வோம். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. வறுத்த முந்திரி இரண்டு தடவை உள்ளே போனது. முடிவில் மூன்று தீர்மானங்கள் வெளியே வந்தன. ஒன்று, ஆபீஸ் வராந்தாவில் இனி பல்பு எரியாது. இரண்டு, குமாஸ்தாக்களுக்குச் சாயங்கால டீ கிடையாது. மூன்று, பெண் தொழிலாளர்களின் வயிற்றுவலியைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

மூன்றாவது தீர்மானம் எங்கள் வெல்ஃபேர் ஆபீஸர் தங்கையாவின் மூளையில் உதித்தது. தங்கையா பிறவி வெல்ஃபேர் ஆபீஸர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் கொழுந்து நிறுத்தவர். மழை நாளில் மூட்டைக்குப் பத்து சதவீதம் தண்ணீருக்கென்று கழிப்பார். சாக்குக்கென்று ஒரு கிலோ கழிப்பார். வெயில் நாளிலும் கை பழகிவிட்டதால் கழிப்பார். தராசு முன்னால் அவரிடம் யாரும் ஜெயித்ததில்லை என்பதற்காகவே தொழிலாளர் நலனை அவர் கையில் ஒப்படைத்தார்கள்.

சுற்றறிக்கையை அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். நான் செக்ரோல் குமாஸ்தா சசிதரன். எஸ்டேட்டில் யார் பேர் இருக்கிறது, யார் பேர் இல்லை என்பதை எழுதுகிறவன்.

"மேற்படி வயிற்றுவலியானது கண்ணுக்குப் புலப்படாத காரணத்தால், அதன் உண்மைத்தன்மையை நிர்வாகம் ஏற்கவோ மறுக்கவோ இயலாத நிலை உள்ளது. எனவே இனி விடுப்பு கோருவோர் தனியார் ஸ்கேன் மையத்தில் எடுத்த படத்தை இணைக்க வேண்டியது. படத்தில் காணப்படும் பொருள் நாலு சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும்."

"நாலு ஏனுங்க சார்?" என்று கேட்டேன்.

"மூணு ரொம்பத் தாராளம், அஞ்சு அநியாயம். அளவுன்னு ஒண்ணு இருந்தாத்தான் சசி, நியாயம்னு ஒண்ணு இருக்கும்."

தனியார் மையம் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் இருந்தது. அதை இயக்குகிறவர் வேறு ஊருக்கு டெபுடேஷனில் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது மிஷின் டெபுடேஷனில் போயிருந்தது.

இந்தச் சுற்றறிக்கைக்கு முதலில் வந்து மாட்டியவள் தெய்வம்மா. மூன்றாம் நம்பர் டிவிஷனில் கொழுந்து பறிப்பவள், வயது முப்பத்திரண்டு. அப்பா அம்மா சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். பதினாலு வயதிலிருந்து அவளுக்கு மாதாமாதம் வயிற்றுவலி. மற்றவர்களுக்கு வருகிற மாதிரி வலி இல்லை, செடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிடுவாள். கல்யாணம் ஆனால் சரியாகும் என்றார்கள். கல்யாணம் ஆனது. பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். பிள்ளை பிறக்கவில்லை. நாற்பத்தைந்துக்கு மேல் தானாகவே சரியாகும் என்று கடைசியாகச் சொல்லியிருந்தார்கள். டிஸ்பென்சரி கம்பவுண்டர் கொடுத்த ரோஸ் மாத்திரையோடு அவள் நாற்பத்தைந்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் வலி பொறுக்காமல் அவள் புருஷன் எல்லப்பன் அவளைக் கூடலூரில் டாக்டரம்மா ஜூடித்திடம் கூட்டிக்கொண்டு போனான். பதினெட்டு வருஷத்தில் "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான்.

"கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியிலேயும் வளருது. மாசாமாசம் அதுவும் சேர்ந்து ரத்தம் விடுது. எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. ஸ்கேன் எடுத்துட்டு வா. கட்டி இருந்தா கோழிக்கோட்டுக்கு எழுதித் தரேன், ஆபரேஷன் பண்ணிக்கலாம். பத்து நாள் கட்டாயம் ரெஸ்ட்."

ஆபரேஷனுக்குத் தெய்வம்மா பயப்படவில்லை. பத்து நாளுக்குத்தான் பயந்தாள். லீவு இல்லாமல் மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் செக்ரோலிலிருந்து பேரை அடித்துவிடுவோம். பேர் இருந்தால்தான் நிரந்தரத் தொழிலாளி. எஸ்டேட் கொடுக்கும் லயத்து வீடு, பி.எஃப்., வருஷத்துக்கு ஒரு கம்பளி எல்லாம் அந்தப் பேரின் வாலில் கட்டியிருக்கிறது. விலை விழுந்த அந்த வருஷத்தில் பேரை அடிக்க நாங்கள் காரணம் தேடிக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கூடலூரில் அப்போது எல்லாக் கடையும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, ஸ்கேன் சென்டர் மட்டும் செழித்து நின்றது. வலி இல்லாதவர்கள்தான் அங்கே அதிகம். உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்துக்கொண்டால் ஒரு ஹாட்பாக்ஸ் இலவசம் என்று ஓணம் ஆஃபர் போட்டிருந்தார்கள். ஒரு மிளகு வியாபாரி தன் கல்லீரல் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பக்கத்தில் இருந்தவருக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி காட்டிக்கொண்டிருந்தாராம். எல்லப்பன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வரவேற்பில் இருந்த பெண் தெய்வம்மாவிடம் ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"சேச்சி, ஒரு லிட்டர் வெள்ளம் முழுசும் குடிக்கணும். வயிறு நெறஞ்சாத்தான் படம் தெளியும். பாத்ரூம் போகக்கூடாது."

குடித்தாள். அரை மணியில் திரும்பி வந்தாள். "நெறஞ்சிருச்சு தங்கச்சி."

"டோக்கன் முப்பத்தி நாலு. இப்போ பதினொண்ணு ஓடுது. இரிக்கணும்."

"அதுவரைக்கும் அடக்க முடியாதே."

"போயிட்டு வாங்கோ. பின்னை ஒரு லிட்டர் குடிக்கணும்."

அப்படி மூன்று லிட்டர் குடித்த பிறகு அவள் முறை வந்தது. கரண்ட் போனது. நாலாவது லிட்டரில் படம் எடுத்தார்கள். இடது பக்கச் சினைப்பையில் சாக்லேட் சிஸ்ட், நாலு புள்ளி இரண்டு சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட் வந்தது. நோய் இருக்கிறது என்று கேட்டு ஒரு பெண் சந்தோஷப்பட்டதை எல்லப்பன் அன்றுதான் பார்த்தானாம். எங்கள் சட்டத்துக்குப் புள்ளி இரண்டு அதிகமாகவே இருந்தது அல்லவா?

மறுநாள் பெரட்டு முடிந்ததும், அதாவது காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பி முடிந்ததும், அவள் ஆபீஸுக்கு வந்து கவரை மேஜையில் வைத்தாள். தங்கையா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"சாக்லேட்டா? இந்த விலைவாசியில உனக்கு ஏதும்மா சாக்லேட்?"

"கட்டியோட பேருங்கய்யா. உள்ள பழைய ரத்தம் அந்த நெறத்துல இருக்குமாம்."

"சரி. படம் எடுக்கும்போது வயித்துல தண்ணி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கய்யா. அவங்கதான் குடிக்கச் சொன்னாங்க."

"எவ்வளவு?"

"நாலு லிட்டருங்க."

தங்கையா கண்ணாடியைக் கழற்றினார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது. "ஈரமா எடுத்த படம். பத்து சதவீதம் தண்ணிக்குப் போகும். கவருக்குப் புள்ளி ரெண்டு. சசி, நிக்கிறது என்ன?"

நான் கணக்குப் போட்டேன். "மூணு புள்ளி அஞ்சு எட்டுங்க சார்."

"பார்த்தியாம்மா? நாலுக்குக் கீழ இருக்கு. நாலுக்குக் கீழ இருக்கிறது தொழிலாளியோட சொந்த விஷயம். நிர்வாகம் தலையிட முடியாது."

"அய்யா, கட்டி எப்படிங்க நனையும்? அது உடம்புக்குள்ள இருக்கு."

"கொழுந்துகூட செடியிலதான் இருக்கு. நனையலையா?"

அவள் கவரை எடுத்துக்கொண்டு போனாள். நான் டைப் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்பளம் வாங்குகிறவனுக்கு இதற்கெல்லாம் பதில் தோன்றாமல் இருப்பதே நல்லது.

விஷயம் யூனியனுக்குப் போனது. செயலாளர் பாலமுருகன் கொதித்து எழுந்தார். பெரட்டுக்களத்தில் நின்று அவர் பேசிய பேச்சு பந்தலூர் பஜார்வரை கேட்டிருக்கும். "நம் பெண்களின் வயிற்றில் பத்து சதவீதம் கழிக்க இவர்கள் யார்? ஐந்துக்கு மேல் ஒரு சதவீதம்கூட விடமாட்டோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தெய்வம்மா மட்டும் கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போனாள்.

"அண்ணே, எனக்குப் பத்து நாள் லீவு வாங்கிக் குடுத்தாப் போதுங்கண்ணே."

"உன் ஒருத்திக்காக இல்லம்மா, இது கொள்கைப் பிரச்சனை" என்றார் பாலமுருகன்.

கொள்கைப் பிரச்சனைக்குக் கமிட்டி போட்டார்கள். கமிட்டி எட்டு தடவை கூடியது. சிக்கனத்தை முன்னிட்டு முந்திரி நின்று வடை வந்தது. மூன்று மாதம் கழித்து ஒப்பந்தம் கையெழுத்தானது. கவர் கழிவு முழுமையாக ரத்து. தண்ணீர்க் கழிவு பத்திலிருந்து ஐந்தாகக் குறைப்பு. தொழிலாளர் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கப்பட வேண்டிய வெற்றி என்று நோட்டீஸ் அடித்தார்கள். பாலமுருகனுக்கு மாலை போட்டார்கள். துரைக்கும் போட்டார்கள்.

அன்று மத்தியானம் தெய்வம்மா கவரோடு வந்தாள். நாலு புள்ளி இரண்டில் ஐந்து சதவீதம் கழித்தால் மூன்று புள்ளி ஒன்பது ஒன்பது. கால்குலேட்டரில் மூன்று தடவை தட்டிப் பார்த்தேன், அதற்கு மேல் ஏறவில்லை. தங்கையாவே உச்சுக்கொட்டினார். "ஒரு நூலுல போச்சேம்மா" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

"மூணு மாசம் ஆயிருச்சுங்கய்யா. இதுக்குள்ள வளந்திருக்கும்."

"அப்ப புதுசா எடுத்துட்டு வா. வளர்ந்தா உனக்கு நல்லதுதானே?"

காதுத்தோட்டை வைத்துப் பணம் புரட்டி, மறுபடியும் கூடலூர் போய், மறுபடியும் லிட்டர் லிட்டராகக் குடித்துப் படம் எடுத்து வந்தாள். கட்டி அவளைக் கைவிடவில்லை. ஐந்து புள்ளி எட்டு. கழிவு போக ஐந்தரை. நான் லீவு படிவத்தை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன்.

தங்கையா என் கையைப் பிடித்தார். "பொறு சசி. கொழுந்துன்னா ரெண்டு இலை, ஒரு மொட்டு. அதுக்கு மேல போனா?"

"முத்தல் இலைங்க சார்."

"முத்தல் இலையை ஃபேக்டரி எடுக்குமா?"

"எடுக்காதுங்க."

"இதுவும் முத்தல். பறிக்க வேண்டிய காலத்துல பறிக்காம மூணு மாசம் வளர விட்டிருக்கா. இது கவனக்குறைவு. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அடி."

"நீங்கதானேங்கய்யா லீவு குடுக்கலை?" என்றாள் தெய்வம்மா.

"அது விண்ணப்ப விஷயம். நான் சொல்றது அறுவடை விஷயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

விளக்கத்தை எழுதித் தரச் சொல்லி அவள் என்னிடமே வந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று அவளுக்கு வலி நாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எழுதிக்குங்கய்யா. வலிச்சுது. கேட்டேன். குடுக்கல. வளந்துருச்சு."

நாலு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஆனால் ஆபீஸுக்கென்று ஒரு நடை உண்டு. நான் இப்படி எழுதினேன்: "மேற்படி கட்டியானது நிர்வாகத்தின் முன் அனுமதியின்றி வளர நேர்ந்தமைக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன். இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்." கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. போட்டுவிட்டுப் போனாள்.

நோட்டீஸ் விசாரணையில் இருக்கும்போதே, ஒரு திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் எல்லப்பன் அவளைக் கோழிக்கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வியாழக்கிழமை நான் செக்ரோலை எடுத்தேன். சிவப்பு மையால், ஸ்கேல் வைத்து, பேர் மேல் கோடு போட்டேன். ஸ்கேல் வைக்காமல் போட்டால் கோடு வளையும். அது மரியாதை இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் வந்து நின்றாள். இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்து நின்றாள்.

"கட்டியை எடுத்துட்டாங்கய்யா. என் பேரு?"

தங்கையா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "இப்ப உனக்கு நோய் இல்லை. நோய் இல்லாத ஆளுக்கு நோய் லீவு எப்படிக் குடுக்கிறது?"

"இருந்தப்பக் கேட்டேனேய்யா."

"இருந்தப்ப ஒரு தடவைகூட அளவு சரியா இல்லையேம்மா. பரவாயில்லை, கேஷுவல் லேபரா சேர்ந்துக்க. அவங்களுக்கு லீவே கிடையாது. லீவு இல்லைன்னா ஸ்கேனும் வேண்டியதில்லை. உனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்."

அவள் தற்காலிக அட்டையை வாங்கிக்கொண்டாள். அதே டிவிஷன், அதே கூடை, பாதிக் கூலி. வாசல்வரை போனவள் என் பக்கம் திரும்பி, "பதினெட்டு வருஷத்துல இந்த மாசம்தாங்கய்யா வலிக்கல" என்று மட்டும் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸ் நேரமாதலால் காட்டிக்கொள்ளவில்லை.

சுற்றறிக்கை இன்றும் அமலில் இருக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வேர் பிடித்துவிட்டது. மலையில் யாராவது குந்தினால் கங்காணி சத்தம் போடுவதில்லை. பக்கத்து நிரையில் பறிக்கும் பெண்களே, "அவளுக்கு மூணரை, உனக்கு ரெண்டுதானேடி, எந்திரி" என்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி பங்கஜம் டீயோடு வந்தவள், பாதி வழியில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"ஏனுங்க, அடிவயிறு ரொம்ப வலிக்குதுங்க" என்றாள்.

கல்யாணம் ஆகி ஒன்பது வருஷமாக மாதாமாதம் கேட்கிற பேச்சுதான். ஒரு தடவையும் நான் பேப்பரைக் கீழே வைத்ததில்லை. அன்றைக்கு வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, அக்கறையாகவே கேட்டேன்:

"எத்தனை சென்டிமீட்டர் இருக்கும்?"