பல்சாமியின் இரண்டு சொம்புகள்

பல் வெளுக்கும் மருத்துவமனைக்கு மேல்மாடியில், பல் கூச்சத்தை மந்திரித்து இறக்கும் பல்சாமி கடை விரித்திருந்தார். கீழே பல்லை வெளுக்க வேண்டியது, மேலே கூச்சத்தை இறக்க வேண்டியது. படியெல்லாம் கூட்டம். பாதிப் பேர் வாயைப் பொத்தியிருந்தார்கள். மீதிப் பேர் சாமியின் மகிமையைச் சொல்லி வாயை மூடவே இல்லை.

வரிசையில் ஒரு கல்யாணப் பெண், கூடவே அவள் அம்மா. கல்யாணப் படத்தில் சிரிப்பு பளிச்சென்று இருக்கட்டுமே என்று முந்தின நாள்தான் பல்லை வெளுத்திருந்தாள்.

"ரெண்டு நாள் கூசும். கூச்சத்துக்குன்னே இருக்கற இந்தப் பேஸ்டைத் தடவுங்க. ஜில்லுன்னு எதுவும் வேணாம். தாங்க முடியலைன்னா வாங்க, அடுத்த தடவை வெளுக்கறதைத் தள்ளி வச்சுக்கலாம்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இதில் மந்திரமும் இல்லை, மர்மமும் இல்லை. அம்மாவுக்கு எப்படிப் பிடிக்கும்?

சாமியின் முன்னால் இரண்டு சொம்புகள். இரண்டின் மேலும் குளிர்ந்த நீர்த்துளிகள். முதல் சொம்பிலிருந்து பெண்ணின் வாயில் ஒரு மடக்கு ஊற்றினார்.

"ஆ!" என்று துள்ளினாள்.

"பாத்தீங்களா? மாப்பிள்ளை தோஷம்! மாசில்லாதவங்களுக்குப் பல் கூசவே கூசாது."

"அப்பவே நெனச்சேன்" என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள். "கல்யாணத்தை நிறுத்திடலாம்டி."

பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அவளே பார்த்துப் பிடித்த பையன். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் கூசியதற்கே மாப்பிள்ளை போகிறாரே!

சாமி இரண்டாம் சொம்பின் மேல் ஏதோ முணுமுணுத்துவிட்டு ஊற்றினார். கூசவில்லை.

"ஜில்லுன்னே தெரியலையே சாமி?" என்றாள் பெண்.

"அதான் மந்திரத்தோட சக்தி!"

கூட்டம் சிலிர்த்தது. தண்ணீரே ஜில்லென்று இல்லாமல் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம், வாயைத் திறக்கும்போது மூளையை மூடிவிட்டார்கள்.

பெண்ணுக்குத் தோன்றியது. "சாமி, நீங்க மாசில்லாதவர்தானே?"

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப முதல் சொம்பை நீங்க குடிங்க."

சாமியின் கை இரண்டாம் சொம்பைத் தேடியது. அதற்குள் அவள் அதில் விரலை விட்டுவிட்டாள். "வெதுவெதுன்னுல்ல இருக்கு!" சொம்பை முந்தானையால் துடைத்தாள், துளிகள் திரும்ப வரவே இல்லை. குளிர்ச்சியாவது ஒன்றாவது, மேலே தெளித்த தண்ணீர்!

"குடிங்க சாமி, அவளுக்குக் காட்டுங்க" என்று பக்தர்கள் கெஞ்சினார்கள். அன்பாகத்தான். வேறு வழியில்லாமல் முதல் சொம்பைக் குடித்தார். அடுத்த நொடி அவர் அலறிய அலறல் கீழே டாக்டரம்மாவுக்கே கேட்டது. கடைவாயில் சொத்தைப் பல்!

"உங்களுக்கு எந்த மாப்பிள்ளை தோஷம் சாமி?" என்று கேட்டாள் பெண்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிய சாமி நேரே நுழைந்தது, கீழே இருந்த மருத்துவமனைக்குள்.

அம்மா மெல்லக் கேட்டாள்: "அந்தப் பேஸ்டை எங்கடி வச்சே?"

பல் கூசினால் தடவப் பேஸ்ட் இருக்கிறது. கண்டவன் பேச்சைக் கேட்டுப் பெற்ற பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தப் போகும் புத்திக்குத் தடவ எதுவும் இல்லை ஐயா. அதை நாமேதான் தினமும் தேய்க்க வேண்டும்!