இழுப்பு எனக்கு மட்டும்தான்

காணை,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஆனந்தராஜ் அவர்களுக்கு,

மச்சான் கோதண்டபாணியின் வணக்கம். இங்கு மாடு கன்று உட்பட அனைவரும் நலம். லீவுக்கு வந்திருக்கும் உங்கள் பிள்ளைகள் சங்கவியும் கோகுலும் என்னைவிட நலம். அங்கு நீங்களும் என் தங்கை கிருஷ்ணவேணியும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் நலமாக இருக்க மயிலம் முருகனை வேண்டுகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் கடலில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடியும் அதற்குத் துணையாகப் போய்விட்டதால், நான் சொல்லச் சொல்லச் சங்கவிதான் எழுதுகிறாள். "புள்ளைங்களுக்குத் தண்ணியில ஏதாவது ஒண்ணு ஆச்சு, அடுத்த லீவுக்கு அனுப்பவே மாட்டேன் மச்சான்" என்று நீங்கள் எங்களை பஸ் ஏற்றும்போது சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அதனால், கடற்கரையில் யாரோ எடுத்த வீடியோ உங்களுக்கு வந்து சேர்வதற்குள், நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது முழுக்க எனக்குத்தான்.

கடல் பார்க்க வேண்டும் என்று கோகுல் சோறு தின்னாமல் அடம் பிடித்தான். பார்த்தால் நனைந்துவிடுமா என்று திண்டிவனம் போய் பஸ் மாறி மரக்காணம் பக்கம் அழைத்துப் போனேன். சும்மா போகவில்லை, தாம்புக் கயிற்றோடு போனேன். நம் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழக்குகிறவன் பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே கல்லில் நின்று பிடித்துக்கொள்வான் இல்லையா, அந்தப் படிப்புத்தான் எனக்குத் தெரியும். கோகுல் மணலைவிட்டு எழுந்திருக்கவில்லை. கால் நனைக்கிறேன் என்ற சங்கவியின் இடுப்பில் ஒரு முனையைக் கட்டினேன். மறு முனையைக் கட்டக் கடற்கரையில் கல்லுமில்லை, மரமுமில்லை, ஆகவே என் இடுப்பிலேயே கட்டிக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர் கிணற்றிலேயே இருக்கும், கடல் நாம் நிற்கிற இடத்துக்கே வந்து காலடி மண்ணை வாரிக்கொண்டு போகும் என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த வெள்ளையம்மாள் என்கிற அம்மா கூப்பிட்டுச் சொன்னாள், "யண்ணா, இன்னிக்கி இழுப்பு இருக்குது, புள்ளைய உள்ள வுடாத!" நான் சொன்னேன், "எங்க வூட்ல எனக்கு மட்டுந்தாம்மா இழுப்பு. அதுவும் மார்கழி மாசம்தான். புள்ளைங்களுக்கு நெஞ்சு சுத்தமா இருக்குது." அந்த அம்மா பார்த்த மாதிரி நம் மாடுகூட என்னைப் பார்த்ததில்லை.

அப்புறம் என் புத்தி எங்கே போயிற்றோ, அலை பின்னால் தெரிகிற மாதிரி என்னை நானே போனில் படம் பிடித்து உங்களுக்கு அனுப்பலாம் என்று பின்பக்கமாகவே நடந்து போனேன். போனவன் போய்க்கினே இருந்தேன். உடனே சங்கவி சமர்த்தாகக் கயிற்றை அவிழ்த்துக் கரையில் கொடுக்க, வெள்ளையம்மாளும் அங்கிருந்த சனமும் தேர் இழுப்பதுபோல என்னை இழுத்துப் போட்டார்கள். வேட்டி வரவில்லை. வீடியோவில் நான் சங்கவியின் சடையைப் பிடித்திருப்பது தெரியும். தப்பாக நினைக்க வேண்டாம், எனக்குக் கை கொடுக்க வந்தாள், நான் பயத்தில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். பொம்மை போட்ட கோகுலின் துண்டைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "இன்னா பெருசு, கடலுக்குப் போயி வர்றியா, கடல்லயே பொறந்து வர்றியா?" என்கிறார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

எனவே மாப்பிள்ளை, தப்பெல்லாம் இந்த மடையன் மேல். பிள்ளைகளைத் திட்ட வேண்டாம், அடுத்த லீவுக்கு அனுப்பாமலும் இருந்துவிட வேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் இந்த வீட்டில் பேசுவதற்கு மாடுதான். தங்கைக்கு என் ஆசி. நீங்கள் இருவரும் நூறாண்டு வாழ்க, கரையிலேயே வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
கோதண்டபாணி

பின்குறிப்பு: அப்பா, இது சங்கவி. மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறார். இழுப்பு என்றதை மாமா தப்பாகப் புரிந்துகொண்டது மட்டும் நிஜம். போனை வாங்கிப் பின்பக்கமாக நடந்து போனது நான். கயிற்றைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள் என்று மாமாவுக்குத் தெரியாமல் முதலிலேயே அவிழ்த்துப் போட்டதும் நான். அலை என்னை உள்ளே இழுத்தபோது மாமா வேட்டியோடு பாய்ந்து வந்து சடையைப் பிடித்தார், விடவே இல்லை. மாமா இடுப்புக் கயிற்றின் மறு முனை, நான் அவிழ்த்துப் போட்டது, மணலில் கிடந்தது; அதைப் பிடித்துத்தான் எங்கள் இரண்டு பேரையும் இழுத்தார்கள். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது அப்பா. மாமாவுக்கு இந்த வெயில் காலத்திலேயே இழுப்பு வந்துவிட்டது, உங்களிடம் சொல்லக் கூடாதாம். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், மாமாவை வேண்டாம். அவருக்குப் புதுக் கண்ணாடி வருவதற்குள் இதைப் போஸ்ட் பண்ணிவிடுகிறேன்.