வீட்டுச் சாவியை எங்கே வைப்பீர்கள்?

ஒரு மதியம் முழுக்க சந்தேகக் கேஸாகக் காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். இதை என் மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை, ஏனென்றால் நான் நடத்தும் பாடம் குற்றவியல். அன்றைக்கு நான் வேலை செய்துகொண்டிருந்ததும் அதே காவல்துறைக்காகத்தான் என்பது இன்னும் பெரிய மானக்கேடு.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்றுப் பிந்திய சமயம். எம்.ஏ. முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். பகல் நேர வீட்டுத் திருட்டை எப்படிக் குறைக்கலாம் என்று காவல்துறைக்குச் சொல்லும் ஆய்வு. எந்த மாதிரி வீடு திருடனுக்கு வசதி என்று திருவொற்றியூர்ப் பக்கம் வீடு வீடாகக் கேட்டுவர வேண்டும். போலீஸ் என்ற வார்த்தையை முதலிலேயே எடுக்காதே, எடுத்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்றார் பேராசிரியர். (நல்லதுக்குத்தான் சொன்னார், பாவம்.)

ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். உயரதிகாரியின் கையெழுத்து, முத்திரை, நடுவில் டைப் அடித்த என் பெயர். கசங்கிவிடுமே என்று வண்ணாரப்பேட்டையில் லேமினேஷன் போடக் கொடுத்தேன். கூடவே அடையாள அட்டையையும் கொடுத்தேன், இரண்டும் ஒரே மாதிரி பளபளக்க வேண்டாமா? சாயந்திரம் வரச் சொன்னார்கள். அதுவரை சும்மா இருப்பானேன் என்று வெறுங்கையோடு கடலோரக் குப்பத்துச் சந்து ஒன்றுக்குள் நுழைந்தேன்.

முதலில் அகப்பட்டது வாசலில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண். காலேஜிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படிவத்தை வாசித்தேன். வீட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்? மதியம் யார் இருப்பார்கள்? எந்த வகைப் பூட்டு? சாவியை எங்கே வைப்பீர்கள்? இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. அன்றைக்கு அது எனக்கு விஞ்ஞானமாகத் தெரிந்தது. அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டே மூன்றுக்குப் பதில் சொன்னார். நான்காவதற்கு, சந்து முனையில் தேசம்மாவைக் கேட்கச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு என் கூடவே வந்தார்.

தேசம்மா பல வருஷம் கூடையில் மீன் விற்றவர். முழங்கால் விட்டுப்போனதால் இப்போது வாசலில் உட்கார்ந்து கருவாடு பிரித்துக்கொண்டிருந்தார். சந்துப் பெண்களெல்லாம் விடியுமுன் ஏலத்துக்குப் போய் மீன் எடுத்துக்கொண்டு அப்படியே சந்தைக்குப் போகிறவர்கள். போகும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை இவரிடம் கொடுத்துவிடுவார்கள். உள்ளே சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு சாவி. எந்தச் சாவி எந்த வீடு என்று தேசம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு கிடையாது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அங்கேயே நின்று வரைபடம் போட்டேன். வீடுகளுக்குச் சதுரம், தேசம்மா வீட்டுக்கு வட்டம், அதை நோக்கி ஒரு பெரிய அம்புக்குறி. கீழே எழுதினேன்: 'எல்லாச் சாவியும் இங்கே. பாதுகாப்பவருக்கு முழங்கால் வலி. ஓட முடியாது.'

என் தோளுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"எக்கா, உன்னால ஓட முடியாதுன்னு எயுதிக்கினு கீறான்."

தேசம்மா சத்தமே போடவில்லை. என்னை உட்காரச் சொன்னார். படிவத்தை வாங்கி அந்தப் பெண்ணிடம் கொடுத்து, ஒவ்வொரு கேள்வியாக என்னையே கேட்கவைத்தார். வீடு வியாசர்பாடி என்றேன். மதியம் அம்மா இருப்பார் என்றேன். என்ன பூட்டு என்றதும் விழித்தேன். எங்கள் வீட்டுக் கதவில் என்ன பூட்டு தொங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. (ஆறு மாதமாகப் பூட்டைப் பற்றித்தான் ஆராய்ச்சி.) அதோடு சரி. சந்துக்காரர்கள் முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் என்று என்னை ஸ்டேஷனுக்கு நடத்திப் போனார்கள். சாவிகளை முந்தானையில் முடிந்துகொண்டு தேசம்மாவும் ரிக்‌ஷாவில் வந்து சேர்ந்தார்.

எஸ்.ஐ.க்கு இப்படியொரு ஆய்வு நடப்பதே தெரியாது. கடிதம் எங்கே என்றார். லேமினேஷனில் இருக்கிறது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் எங்கள் துறைக்குப் போன் போட்டார். பேராசிரியர் டெல்லியில் இதே ஆய்வைப் பற்றி உரையாற்றப் போயிருந்தார். போனை எடுத்த கிளார்க், பையன்கள் நிறையப் பேர் வந்துபோவதால் பெயரெல்லாம் ஞாபகமில்லை என்றார். எஸ்.ஐ. பதிவேட்டைத் திறந்தார்.

நான் ஒரு அரசு வேலையில் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் ஒரே ஆசை. அந்தப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டால், வேலைக்கு முன் நடக்கும் போலீஸ் விசாரணையில் எல்லாம் காலி. அம்மாவைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். எங்கள் தெரு மளிகைக் கடைக்குப் போன் போனது. அம்மா டோல்கேட்டில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார். இனி பயமில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

"உங்க பையன் யூனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றானாமே, நெஜமா?" என்றார் எஸ்.ஐ.

அம்மா என்னைப் பார்த்தார்.

"அப்டின்னு சொல்லிக்கினு கீறான் சார்."

எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார். அம்மா நிறுத்தவில்லை. "காலைல பையோட போறான், சாய்ந்தரம் பையோட வரான். நடுவுல இன்னா பண்றான்னு சத்தியமா எனுக்குத் தெரியாது சார்."

பெற்ற தாய்க்கே நம்பிக்கை இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன். தேசம்மா அம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வுட்ருங்க சார். திருடன்னா கொஞ்சமாச்சும் வெவரமா இருப்பான். இது தன் வூட்டுப் பூட்டே தெரியாத கேஸு."

எஸ்.ஐ. யோசித்தார். பேனாவை மூடினார். ஒரு கான்ஸ்டபிளோடு போய்க் கடிதத்தை வாங்கி வந்து காட்டிய பிறகுதான் அனுப்பினார். வரைபடத்தைத் தேசம்மா கிழித்துப் போட்டுவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று பஸ்ஸில் அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். போலீஸ்காரரிடம் தெரியாததைத் தெரியும் என்றா சொல்வது என்றார் அம்மா.

சில வருஷம் கழித்து அரசுக் கல்லூரியில் வேலை கிடைத்தது. விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள், உங்கள் பையன் எப்போதாவது ஸ்டேஷனுக்குப் போனதுண்டா என்று அம்மாவைக் கேட்டார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரு தபா போயிருக்கான் சார். உங்க வேலையாத்தான் போனேன்னு சொல்லிக்கினு கீறான்."

அவர் சிரித்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் நான் சொல்லும் எதற்கும் 'சொல்லிக்கினு கீறான்' என்ற அந்த வாலை ஒட்டாமல் யாரும் விடுவதில்லை. நேற்று உறவுக்காரர் ஒருவர் போனில், டாக்டர் பட்டம் வாங்கியவர் என்ன செய்கிறார் என்று விசாரித்தார். என் மகள் பதில் சொன்னாள்: "உள்ள கதவச் சாத்திக்கினு எழுதறேன்னு சொல்லிக்கினு கீறாரு."