அபிஷேக்கின் கருந்துளை பற்றி நான் விசாரித்த வகையில்

ஆர்.கே.புரம்,
புது தில்லி.

சிரஞ்சீவி சேஷுவுக்கு, அண்ணா ராமசுப்ரமணியன் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் மன்னி ருக்மிணியும் தில்லிப் புகைக்குள் க்ஷேமம். கும்பகோணத்தில் நீங்கள் மழைக்குள் க்ஷேமம் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ருக்மிணி காதில் விழும், அதனால் கடிதம்.

உன் பிள்ளை அபிஷேக் ஆராய்ச்சியை முடிப்பானா, இல்லை ஊருக்கு அழைத்து, நீ பேசி வைத்திருக்கும் காலேஜ் வேலையில் சேர்த்துவிடுவதா என்று விசாரிக்கச் சொன்னாய். அவனைக் கேட்டால் சிடுசிடுப்பான் என்று, முனிர்காவில் அவனோடு தங்கியிருக்கும் கார்த்தியைப் பிடித்தேன். "அங்கிள், அவன் பிளாக் ஹோலோட மல்லுக்கட்டறான், சாப்பிடக்கூட வரதில்ல" என்றான். வீட்டில் சொல்லித் தொலைத்தேன். ருக்மிணி மலை மந்திர் முருகன் கோயிலுக்கு ஓடி அர்ச்சனை செய்துவிட்டு, வரும் வழியில் மோதி பாக் மாமிகளிடமெல்லாம் பிள்ளை ராக்கெட்டில் போகப்போகிறான் என்று சொல்லிவிட்டாள். இப்போது ஆளாளுக்கு ஊறுகாய் கொண்டுவந்து தருகிறார்கள், வானத்துக்குக் கொடுத்தனுப்ப!

அப்புறம் அவனுடைய கைடு அம்மாளைப் பார்த்தேன். அவன் ஆராய்ச்சி இதுதானாம்: பயங்கரச் சூட்டில் புரோட்டானெல்லாம் உருகி, உள்ளே இருக்கிற குவார்க்குகள் குழம்பாகிவிடுமாம். ஒன்றையொன்று விடாமல் இழுத்துப் பிடிப்பதால் நேரே கணக்குப் போட வழியில்லையாம். அதனால் ஒரு பரிமாணத்தைக் கூட்டி, கணக்கிலேயே ஒரு கருந்துளையை வைத்து அதன் சூட்டைப் பார்த்தால் குழம்பின் சூடு தெரியுமாம். "அந்தத் துளை எங்கே மேடம் இருக்கு?" என்றேன். எங்கேயும் இல்லையாம்! சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன்டா நான், இல்லாத ஆளுக்குச் சம்பளம் எழுதினதைப் பார்த்திருக்கேன், இல்லாத துளைக்கு ஜுரம் பார்க்கறதை இப்பத்தான் பார்க்கறேன். அப்புறம்தான் பொறி தட்டியது. ஜாயின்ட் செக்ரட்டரி என்ன மூடில் இருக்கார்னு உள்ளே போயா பார்ப்போம்? வெளியே பி.ஏ. மூஞ்சியைப் பார்ப்போம், அவ்வளவுதானே! இதைச் சொன்னதும் அந்த அம்மாள் "அச்சா!" என்று துள்ளி எனக்கு டீ வரவழைத்தாள். முடிப்பானா என்று கேட்டேன். சூட்டுக் கணக்கு வந்துவிட்டதாம், குழம்பை நெருக்கினால் என்ன ஆகும் என்பதுதான் இழுக்கிறதாம். இழுக்கிறது என்றால் ஆபீஸ் பாஷையில் நடக்காது என்று அர்த்தம். ஆகவே உடனே டிக்கெட் போட்டு அழைத்துக்கொள்.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். முருகன் கூடவே இருப்பான்.

இப்படிக்கு,
ராமசுப்ரமணியன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அபிஷேக்கே வந்துவிட்டான். படிக்கக் கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தான். "வர தைக்குள்ள முடிச்சுடுவேன் பெரியப்பா" என்றான். அப்புறம் சிரிப்பு நின்றுபோய், "கார்த்தியைக் கேட்டேள், மேடத்தைக் கேட்டேள். அப்பா ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?" என்றான். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. டிக்கெட்டும் வேண்டாம். அவனுக்கு ஒரு போன் பண்ணுடா.