சைடிஷ் சாரும் சிவப்புக் கோழியும்

துபாயிலுள்ள நல்ல ஒயின் பார்கள் அத்தனையிலும் ஏறி இறங்கி, நாக்கில் ஒரு சொட்டு ஒயின்கூடப் படாமல் வெளியே வந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் அலுவலகத்து சைடிஷ் சார். அந்தச் சாதனையில் பிற்பாடு ஒரு ஓட்டை விழுந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

துபாயின் தேராவில் ஒரு கட்டடக் கம்பெனியின் எஸ்டிமேட் பிரிவில் எனக்கு எதிர்மேசை அவருக்கு. பாளையங்கோட்டைக்காரர். ஐம்பது வயதைத் தொட்டவர். மருந்துக்குக்கூட மதுபானம் கிடைக்காத ஷார்ஜாவில், ரோலாவில் மூன்று பேரோடு ஒரு ரூமில் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை அரைநாள் டியூட்டி முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரி, துபாயின் ஏதாவது ஒரு ஒயின் பாருக்குக் கிளம்பிவிடுவார். குடிக்க அல்ல, சாப்பிட.

"ஓட்டல் சாப்பாடு லேசு வே" என்பார். "அங்க வாறவன் பசியோட வாறான். எத வச்சாலும் திம்பான். இங்க வாறவன் குடிக்கதுக்கு வாறான். பசியே இல்லாதவன் கையத் தட்டுக்கு நீட்ட வைக்கணும் பாத்தீரா, அதாம் சமையல்."

இந்தச் சித்தாந்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது. ஒயின் பாரில் ஒருவர் மேசையைப் பிடித்து உட்கார்ந்து ஒயினே வாங்காவிட்டால் பரிமாறுகிறவர்கள் முகம் ஒரு மாதிரியாகும். அதற்காகத்தான் நான்.

"நீரு ஒரு கிளாஸ் வாங்கிக்கிடும். தட்டை நான் பாத்துக்கிடுதேன்."

இப்படியாக, என்னுடைய குடிப்பழக்கம் முழுக்க அவருடைய சாப்பாட்டுக்காக ஏற்பட்டது. இதை வீட்டில் சொன்னால் நம்ப மாட்டேனென்கிறார்கள்.

அவர் குடிக்காததற்குக் காரணம் உண்டு. அவர் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இவரே அவரை டீச்சர் என்றுதான் சொல்வார். டீச்சரின் அப்பா குடித்துக் குடித்தே குடும்பத்தைக் கரைத்தவர். பெண் பார்க்கப் போன அன்று டீச்சர் நகை, நட்டு எதையும் பேசவில்லையாம். "ஒரு சொட்டு தொடக்கூடாது. சம்மதமா?" என்று மட்டும் கேட்டாராம். இவர் சம்மதம் என்றார். கல்யாண வீட்டு ரசத்தைக்கூடச் சந்தேகமாக மோந்து பார்க்கிற அளவுக்கு அந்த வார்த்தையைக் காப்பாற்றி வந்தார்.

துபாய் மெரினாவில் ஒரு பாருக்கு முதன்முதலில் போனது நினைவிருக்கிறது. ஒயினைப் பற்றிப் பேசவென்றே அங்கே ஒரு ஆள் இருந்தார். கழுத்துப்பட்டை கட்டிய இத்தாலிக்காரர். என் கிளாஸில் ஊற்றிவிட்டு, இதில் செர்ரி வாசம் வரும், புகையிலை வரும், கடைசியில் லேசாகத் தோல் வாசம் வரும் என்று ஆங்கிலத்தில் உருகினார்.

"என்ன தோலாம்?" என்று சார் என்னிடம் கேட்டார்.

"மாட்டுத் தோல் சார். செருப்பு, பெல்ட் எல்லாம் பண்ணுவாங்களே."

"காசு குடுத்து செருப்பு வாசத்தக் குடிக்கீரா வே?" என்று என்மேல் இரக்கப்பட்டவர், இத்தாலிக்காரரிடம் திரும்பி, நான் சோடா குடிக்கிறேன், சோடாவுக்குப் பொருத்தமான சாப்பாடு எது என்று கேட்டார். அந்த மனிதருக்கு வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் வறுத்த காலிஃப்ளவரையும் ஒரு ஆட்டுப்பால் சீஸையும் சொன்னார். அடுத்த வாரம் நாங்கள் போனபோது வாசல்வரை வந்து கை குலுக்கினார்.

எந்தத் தட்டு வந்தாலும் முதல் வாய்க்கு சார் கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாரும் பேசக்கூடாது. ஒருமுறை அந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் போன் செய்ய, எடுத்து, "சார் பிரேயர்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டேன். மேனேஜருக்கு அன்றிலிருந்து அவர்மேல் தனி மரியாதை.

மெனுவை மட்டும் என் கைக்குத் தரவே மாட்டார். மூக்குக் கண்ணாடி போடாமல் அதைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு தேர்ந்தெடுப்பார். அதிலும் ஒரு முறை வைத்திருந்தார்.

"சில அயிட்டத்துக்குப் பக்கத்துல 'ஏ'ன்னு போட்டிருப்பான் பாத்தீரா? அதுதான் ஏ கிரேடு. அதத் தவிர வேற எதயும் வாங்கக்கூடாது."

அந்த முறை ஒருநாளும் பொய்க்கவில்லை. ஏ போட்ட காளான் சோறு, ஏ போட்ட சிப்பி, ஏ போட்ட பேரிக்காய், எல்லாமே அமிர்தமாக இருந்தன.

அப்படிக் கண்டுபிடித்ததுதான் சிவப்புக் கோழி. மெரினாவுக்கு எதிரே ஜே.எல்.டி. பக்கம் ஒரு சின்ன ஒயின் பாரில் கிடைத்தது. கருஞ்சிவப்புக் குழம்பில் பஞ்சாக வெந்த கோழி, தொட்டுக்கொள்ள மொறுமொறு ரொட்டி. முதல் வாய்க்கு மூடிய கண்ணை சார் திறக்கவேயில்லை. தூங்கிவிட்டாரோ என்று தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு பாருக்கே போகவில்லை. மாதக்கணக்கில் வாராவாரம் அந்தக் கோழிதான்.

"இந்தச் செவப்பு எங்கேருந்து வருதுங்கேன்?" என்பதே பேச்சு. பீட்ரூட் என்றார். மாதுளை என்றார். ஒரு வாரம் மருதாணியாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். கடைசியில் பொறுக்கமாட்டாமல் சமையல்காரரைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தார்.

வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கள் தமிழே? ஒவ்வொரு கிழமையும் இந்தக் கோழியைத்தானே எடுக்கிறனீங்கள். பரிமாறுற பெடியள் சொல்லுறவங்கள்."

"தம்பி, இந்தச் செவப்புக்கு என்ன போடுதீய?"

"சிவப்பு வைன்தான் அண்ணை. ஒரு போத்தல் முழுக்க ஊத்தி எல்லோ அவிக்கிறது."

சார் கையிலிருந்த ரொட்டி குழம்பில் விழுந்தது.

"உங்களுக்குத் தெரியாதே? பேருக்குப் பக்கத்தில ஏ எண்டு போட்டிருக்கு. ஏ எண்டால் அல்கஹோல் கலந்த சாப்பாடு. எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் போடுவினம்."

மெனுவைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் எறும்பு எழுத்தில் அப்படியே இருந்தது. காளான் சோறும் சிப்பியும் பேரிக்காயும் என் கண்முன் வரிசையாக வந்து நின்றன. பார் பாராகத் தேடித் தேடி மதுவில் வெந்ததை மட்டுமே சாப்பிட்டிருக்கிறார் மனிதர்.

அவர் முகத்தைப் பார்த்துச் சமையல்காரர் பயந்துபோனார். "காய்ச்சேக்க ஸ்பிரிட் எல்லாம் பறந்திடும் அண்ணை."

"பறந்தது பறந்துட்டு தம்பி. பறக்காதது?" என்று சார் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

மெட்ரோவுக்கு நடக்கும்போது நடைபாதைக் கல் வரிசையில் காலை ஒட்டி ஒட்டி வைத்தார். "நேராத்தான வே நடக்கேன்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். சிரிப்பு வந்தது. ஸ்டேஷன் வெளிச்சத்தில் அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"டீச்சர்ட்ட என்ன சொல்லுவேன்?" என்றார்.

வெள்ளிக்கிழமைகள் நின்றுபோயின. ரூமில் குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் என்று காலம் தள்ளினார். மதியச் சாப்பாட்டைப் பற்றிக்கூட ஒரு விமர்சனம் கிடையாது. டீச்சரிடம் போனில் சொல்லலாமே என்றேன். "இது மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேண்டிய விசயம்" என்று முடித்துவிட்டார்.

அரையாண்டு லீவில் டீச்சர் விசிட் விசாவில் வந்தார். ரோலா பூங்காவில் ஒரு சாயங்காலம் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சார் ஒன்றுவிடாமல் சொன்னார். குரல் பாதியில் உடைந்தது. டீச்சர் எதிரே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷத்து வார்த்தை இந்த பெஞ்சில் முடிந்துவிடுமோ என்று நான் பயந்தேன்.

"எங்கப்பா குடிச்சிட்டு வந்தா சோத்துத் தட்டு செவுத்துல போய் அடிக்கும்" என்றார் கடைசியில். "நீங்க தட்ட வழிச்சுத் தின்னுட்டு அழுதுக்கிட்டு இருக்கிய. ரெண்டும் ஒண்ணாங்க?"

சார் மூக்கை உறிஞ்சினார்.

"அந்தக் கோழி எப்படி இருந்துச்சு?"

சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. அழுகையை மறந்து, இரண்டு கையாலும் குழம்பின் பதத்தைக் காற்றில் காட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் கேட்டு முடித்து, "நாளைக்கு அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் டீச்சர் அந்த பாருக்குள் நுழைந்தார். மேசைகளில் ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் அதட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பையை மடியில் இறக்கினார். யாழ்ப்பாணத்துச் சமையல்காரர் விஷயத்தைக் கேட்டு, ஒயின் இல்லாமல், மாதுளஞ்சாறும் துளி புளியும் விட்டு ஒரு கோழி சமைத்து அவரே கொண்டுவந்து வைத்தார். அதே சிவப்பு.

சார் கண்ணை மூடினார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லா இருக்கு" என்றார், செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி.

"பொய் சொல்லாதிய" என்றார் டீச்சர்.

சார் தலையைக் குனிந்துகொண்டார். "ஏ இல்ல. பி."

டீச்சர் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். அந்த பாரில் அன்று சத்தம் போட்டவர் அவர் ஒருவர்தான். "பி பாஸ்தான். சாப்பிடுங்க" என்று ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தார்.

போன வருஷம் கம்பெனி சாரை சவுதிக்கு, தம்மாம் சைட்டுக்கு மாற்றிவிட்டது. ஒயின் பார் என்ற பேச்சே இல்லாத ஊர். நான் இன்னமும் சில வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். தட்டு வந்ததும் அவருக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். "கொஞ்சம் கீழ எறக்கும். அந்த ஓரத்தக் காட்டும். இப்ப ஒரு வாய் வைய்யும், எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டு, நான் சொல்லி, அவர் அங்கே கண்ணை மூடித் திறப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடுகிறது. ஆறட்டும். அவர் பார்க்காத தட்டு எனக்கு இறங்குவதில்லை.