பஞ்சுவுக்கு எண்ணெய்க் குளியல்

“இனிமேல் நாய்க்கு முடி வெட்டத் திருநெல்வேலிக்குக் கார் கிடையாது. நானே வெட்டுவேன்” என்று காலையில் அறிவித்தேன். போலீஸில் எத்தனையோ ரவுடிகளை வழிக்குக் கொண்டுவந்தவன். ஒரு சடைநாய் என்ன பெரிசு?

நாய் என் மகள் அனுசியாவுடையது. பெயர் பஞ்சு. சென்னையில் ஹவுஸ் ஓனர் ஆகாது என்றதால் தென்காசியில் எங்கள் தலையில் கட்டிவிட்டாள். சாரலில் நனைந்து நனைந்து அதன் முடி தேங்காய் நார் மாதிரி சிக்குப் பிடித்துக் கிடந்தது. மறுநாள் காலை ரயிலில் அவள் வருகிறாள்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகுமுன் என்ன செய்கிறோம்? எண்ணெய் தேய்க்கிறோம். பஞ்சுவுக்கும் தேய்த்தேன். நல்லெண்ணெய். தாராளமாக.

பிறகு என் தாடி மெஷினை வைத்தேன். எண்ணெயில் முடி அப்பிக்கொண்டது. மெஷின் வழுக்கியது. முதுகில் ஒரு பாத்தி. அதைச் சரிசெய்ய இந்தப் பக்கம் ஒன்று. இதைச் சரிசெய்ய அந்தப் பக்கம். முடித்தபோது என் முன்னால் ஒரு பெருச்சாளி நின்றது. வாலில் மட்டும் குஞ்சம்.

என் மனைவி ஆவுடைத்தாய் வந்தாள்.

“இது என்னதுங்க? பஞ்சு எங்கன?”

“இதான்.”

“போச்சு. அனுசியா உங்க மூஞ்சில முழிக்க மாட்டா.”

“அதான்ட்டி படபடன்னு வருது. போன தடவை அதுக்கு மிக்சர் குடுத்ததுக்கே ஆவணி வரைக்கும் எங்கூடப் பேசல. சட்டை ஏதாவது மாட்டிவிடுவோமா?”

“வெந்த கிழங்குக்குச் சட்டை மாட்டுனா பஞ்சு ஆயிருமா?”

“சொறி வந்துட்டுன்னு சொல்லுவோம்.”

“டாக்டர் சீட்டு எங்கனன்னு கேப்பா, நீங்க பெத்த போலீஸு.”

யாரிடமும் கெஞ்சாதவன் கெஞ்சினேன்.

“நீயே எதையாவது சொல்லித் தொலை. நான் ஆமாங்கேன்.”

“எதைச் சொன்னாலுமா?”

“எதைச் சொன்னாலும்!”

போன் அடித்தது. வீடியோ. கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“யம்மா, பஞ்சுவக் காட்டு… ஐயோ! என்னம்மா இது!”

“அழாத ஏட்டி. இலஞ்சி முருகனுக்கு மொட்டை நேர்ச்சை.”

“நாய்க்கா? யாரு நேந்தது?”

“உங்க அப்பாதான். நீ பயப்படுவேன்னு சொல்லல. பஞ்சு சோறே எடுக்காம கிடந்துச்சு. அது எந்திரிச்சா அதுக்கும் தனக்கும் சேத்து மொட்டைன்னு நேந்துட்டாவ.”

என் தலைமுடியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். போனில் விசும்பல்.

“பஞ்சுக்காக அப்பா மொட்டை போடுதாவளா? நெசமாவாப்பா?”

“ஏங்க, பிள்ள கேக்காள்ல?”

“…ஆமா.”

“நாளைக்கு ஸ்டேஷன்லருந்து நேரா இலஞ்சிக்கே வாரேம்பா!”

போன் அணைந்ததும் பாய்ந்தேன்.

“முருகன் பேரச் சொல்லிப் பொய் சொல்லுதியே, வெளங்குமா?”

“உங்க மொட்டை பொய்யில்ல. உங்க நெஞ்சு ஆபரேஷனப்ப நான் நேந்தது. போலீஸ்காரன் மொட்டை போட மாட்டான்னு இத்தன வருசமா ஏய்ச்சிட்டீய. நாய்தான் இடையில வந்து சேந்துக்கிட்டு.”

மறுநாள் இலஞ்சியில் எனக்கு மொட்டை போட்டு, பஞ்சுவை மடியில் வைத்து, சந்தனம் பூசி, போட்டோ எடுத்தார்கள். அனுசியா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். முதல் பதில் என் மச்சினன் இசக்கிமணியிடமிருந்து:

“நாய்க்கு மொட்டை நல்லா எடுத்திருக்கு. அத்தானுக்கு எவன் எடுத்தது?”